பச்சை வளையம்

நின்று போ. இப்போதே நின்று போ. போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தபோது பொசுக்கென்று நின்றாயே, அதே மாதிரி. உனக்கு என்ன வியாதி என்று கேட்க மாட்டேன். கழற்றிப் பார்க்க மாட்டேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். தும்ம வேண்டும், அவ்வளவுதான்.

கூடத்துக் கம்ப்யூட்டரிடம் மனதுக்குள் வேண்டிக்கொண்டு, அவள் மூக்கை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்தபடி உள்ளறைக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்திருந்தாள். மின்விசிறி ஓடவில்லை. அது சுற்றினால் டொக் டொக்கென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கூடத்து மைக் வரைக்கும் போகும். பக்கத்தில் நான்கு வயது மகள் மெத்தையில் குப்புறப் படுத்து ஒரு யானைக்கு ஊதா நிறம் பூசிக்கொண்டிருந்தாள். தரையில் வைத்தால் கிரேயான் உருளும், உருண்டால் சத்தம் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே மெத்தைக்கு மாறிக்கொண்டிருந்தாள். கழுத்து மடிப்பில் வியர்வை திரண்டிருந்தது.

கதவுக்கு அப்பால் கணவனின் குரல் கேட்டது.

"கூரை மேல ஒருத்தன் கேப்டன். இடது பக்கம். நான் பாத்துக்கறேன், நீங்க உள்ள போங்க."

வீட்டில் யாரிடமும் அவன் பேசாத குரல் அது. தெளிவாக, சுருக்கமாக, கொஞ்சம் கனமாக. அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான்கு பேர் சனி, ஞாயிறு பிற்பகல்களில் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ஒரே அணியாகச் சண்டை போடுவார்கள். திரையில் விளையாட்டு ஓடும். அதன் பின்னால் வாய்ஸ் சாட் ஓடும். காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக். கேப்டன் என்பவர் அலுவலகத்திலும் அவனுக்கு மேலதிகாரி. விளையாட்டில் அவனுக்குப் பெயர் புலி.

புலியின் குரல் நடுவில் அறுந்தது. பிறகு, "ஹலோ? கேப்டன்? ஹலோ?"

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவள் மூக்கை விட்டாள். வீடே அதிரும்படி தும்மினாள்.

மகள் கிரேயானை வைத்துவிட்டு எழுந்து வந்து அவள் காதில் வாயை ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா. முடிஞ்சுதா? பேசலாமா?" வெறும் மூச்சுக் காற்றுதான். சொற்கள் சூடாகக் காதில் பட்டன.

"பேசலாம் தவளை. நல்லா சத்தமாவே பேசு."

"சரி," என்றாள் தவளை, அதே மூச்சுக் காற்றில்.

பிறந்த புதிதில் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் வைத்த பெயர் அது. அன்றைக்கு இவள் அழுத அழுகையில் வார்டில் இருந்த மற்ற குழந்தைகளும் எழுந்துவிட்டன. இது என்ன மழைக்காலத் தவளையா, இப்படிக் கத்துகிறது என்றாள் அந்த நர்ஸ். பெயர் ஒட்டிக்கொண்டது. கத்தல் எப்போது போயிற்று என்பதுதான் அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை.

கதவு திறந்தது. துண்டு சுருண்டு ஒதுங்கியது. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹெட்போன் அழுத்தியதில் காது மடல்கள் சிவந்திருந்தன.

"டாக்டரம்மா, பேஷண்ட் மறுபடியும் மயக்கம்."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கடைவீதியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவள். தேநீரைக் கொட்டிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவன் அங்கே வந்தான்; அது பிழைத்தது; மறுவாரம் ஒன்றும் ஆகாத கீபோர்டோடு வந்தான். டாக்டரம்மா என்ற பெயர் அப்போது வந்தது. இப்போதும் அவன் அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குள் ஏதோ ஒன்று தலை நிமிர்த்தி உட்காரும். அதை அவள் விரும்பவில்லை, ஆனால் அது உட்கார்ந்துவிடும்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. ஆரம்பத்தில் ஒரு நாள் நல்ல சண்டைக்கு நடுவில் குக்கர் விசிலடித்தது. கேப்டன், "புலி வீட்டுல யாரோ விசிலடிச்சுக் கூப்பிடுறாங்க, புலி அரிசியை இறக்கி வச்சுட்டு வரட்டும்," என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அவனும் சிரித்தான், அன்று இரவு சாப்பாட்டில் அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கடைசியில் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கோயேன்," என்றான்.

அவள் பார்த்துக்கொண்டாள். விளையாட்டு நாட்களில் சமையல் முன்கூட்டியே முடிந்தது. மிக்ஸி ஓய்ந்தது. சொட்டும் குழாயில் துணி கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டுமே ஓய்வு கிடைக்கும் அக்கா போன் செய்தால் துண்டித்துவிட்டு, பிறகு பேசுகிறேன் என்று எழுதி அனுப்பினாள். பிறகு என்பது வரவில்லை. அக்கா கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு இரைச்சல் பற்றிப் பேச்சு வந்தது. உங்கள் பக்கம் ஏரோபிளேன் கிளம்புகிற மாதிரி கேட்கிறது என்று கேப்டன் சொன்னாராம். அது சிபியு பெட்டிக்குள் சுழலும் காற்றாடிகளின் சத்தம். விளையாடும்போது அவை வேகமெடுக்கும். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை, அவளுக்குத்தான் தோன்றியது. மேசைக்குக் கீழே இருந்த சிறிய அலமாரிக்குள் பெட்டியை வைத்து, காற்றுப் போக அலமாரியின் பின்பலகையைக் கழற்றினாள். பின்னால் ஜன்னல். முன்கதவைச் சாத்தினால் சத்தம் பாதியாகக் குறைந்தது. சூடு எவ்வளவு ஏறுகிறது என்றும் பார்த்தாள், ஒன்றும் மோசமில்லை. அவன் அவள் தோளைப் பிடித்து, "நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்," என்றான். அன்று முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவன் எதையும் அதட்டிச் சொன்னதில்லை. அதுதான் சங்கடம். அதட்டியிருந்தால் எதிர்த்து நிற்க ஒரு சுவராவது இருந்திருக்கும். அவன் கேட்டதெல்லாம் சின்னச் சின்னது. எதுவும் மறுக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லை.

வெயில் ஏறத் தொடங்கியபோதுதான் கம்ப்யூட்டர் நிற்க ஆரம்பித்தது. திரை உறையும். கடைசியாகப் பேசியவரின் பாதிச் சொல் திக்குவாய் போலத் திரும்பத் திரும்பக் கேட்கும். பிறகு இருட்டு. பிறகு தானாகவே முதலிலிருந்து ஆரம்பிக்கும். வாரநாள் மாலைகளில் அவன் தனியாக விளையாடினால் நிற்பதே இல்லை. வாய்ஸ் சாட்டில் நான்கு பேரும் சேரும்போதுதான் நின்றது. ஆகவே குற்றவாளி வாய்ஸ் சாட்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. அதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான், புது ஹெட்போன் வாங்கினான், யாரோ எழுதியதைப் படித்து எதையெதையோ அணைத்து எதையெதையோ போட்டான், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். கடையில் அவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அவள் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தாள். ஆனால் நிதானமாக. கொஞ்சம் வேண்டுமென்றே நிதானமாக.

ஏனென்றால் அது நின்றுபோன நாட்களில் விளையாட்டு சீக்கிரம் முடிந்தது.

இந்தத் தடவை அவன் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். வேடிக்கைப் பேச்சு அந்த ஒரு வரியோடு முடிந்துபோயிற்று. அடுத்த ஞாயிறு இன்னொரு கிளை அலுவலகத்தின் அணியோடு போட்டி. கேப்டன் தனியாகக் கூப்பிட்டு, தன்மையாகத்தான் கேட்டாராம். நடுவில் நீ விழுந்தால் நாங்கள் மூன்று பேராக நிற்க வேண்டியிருக்கிறது புலி, வேறு ஆள் பார்க்கட்டுமா என்று. அவன் அதைச் சொன்னபோது வேலையை விட்டே நீக்கிவிட்டதைச் சொல்வது போல இருந்தது. அவளுக்குப் புரிந்தது. அந்த அலுவலகத்தில் பல வருடங்களாக அவன் ஒரு நாற்காலியைப் போல இருந்திருக்கிறான். புலி ஆன பிறகுதான் மதிய உணவுக்கு அவனையும் கூப்பிடுகிறார்கள்.

"நீ தொட்டா சரியாயிடும்," என்றான். "எனக்குத் தெரியும். இனிமே நிக்காம ஓடணும், அவ்ளோதான்."

இனிமேல் நிற்காமல் என்ற சொல் அவளுக்குள் போய் எங்கோ உட்கார்ந்துகொண்டது. அவள் பார்க்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் டீச்சர் அவளை ஓரமாக அழைத்தாள். குறை சொல்லும் முகமில்லை. உங்கள் பெண் நன்றாகப் படம் வரைகிறாள், அடுத்தவர்களுக்குக் கிரேயானைக் கொடுக்கிறாள், எல்லாம் சரி. ஆனால் பாட்டு நேரத்தில் வாயை மட்டும் அசைக்கிறாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் எழுந்து வந்து என் காதில்தான் சொல்கிறாள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?

"இல்லயே," என்றாள் அவள். "யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"படுத்த படுக்கையா யாராவது இருக்கற வீட்டுப் பிள்ளைங்கதான் இப்படிப் பேசும்மா. அதனாலதான் கேட்டேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் தவளை கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்தாள். குதிக்கும் காலடிக்கும் சத்தமில்லை என்பதை அம்மா அன்றுதான் கவனித்தாள். முன்பாதத்தில் இறங்கினாள், பூனை மாதிரி.

மறுநாள் மதியம் அவன் அலுவலகத்தில் இருந்தபோது அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். விளையாட்டை ஓட விட்டாள். அதன் பின்னால் வாய்ஸ் சாட்டைத் திறந்து, தனக்கென்று ஆளில்லாத ஓர் அறையை உண்டாக்கிக்கொண்டாள். திரையின் ஓரத்தில் ஒரு சிறிய வட்டத்துக்குள் அவன் வைத்திருந்த புலிப் படம் மட்டும் இருந்தது. நிற்க வேண்டுமென்றால் யாராவது பேச வேண்டும். அவள் மைக்கைப் பார்த்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"ஹலோ," என்றாள். "நான் பேசறேன்."

புலிப் படத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம் எரிந்து அணைந்தது.

தவளை ஓடி வந்தாள். "அம்மா, அது என்ன?" என்று காதில் கேட்டாள்.

"நாம பேசினா அதுக்குக் கேக்கும். கேட்டா பச்சையா எரியும். நீ பேசிப் பாரு."

தவளை மடியில் ஏறி உட்கார்ந்து மைக்குக்கு வாயைக் கொண்டுபோனாள். அவள் உதடுகள் அசைந்தன. வளையம் எரியவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் முயன்றாள். ஊதா யானையைப் பற்றி ஏதோ சொன்னாள். புலி அப்படியே இருந்தது.

"அதுக்குக் காது கேக்கலையாம்மா?"

"கேக்கும். நீ சொன்னதுதான் அது வரைக்கும் போகல."

தவளை யோசித்தாள். அப்பா உள்ளே இல்லையென்று உறுதிசெய்துகொள்வது போல் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு நெஞ்சில் காற்றை நிரப்பிக்கொண்டு, "யானை," என்றாள். கரகரப்பான ஒரு குரல். பல நாள் பூட்டிக் கிடந்த கதவைத் திறப்பது போல இருந்தது. வளையம் விளிம்பில் மட்டும் மினுங்கியது.

"யானை!"

எரிந்தது. தவளை கைகொட்டினாள், கைதட்டலுக்கும் எரிந்தது. அவ்வளவுதான், அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. டீச்சரைப் போலப் பேசினாள். பள்ளிக்கூடத்தில் வாயை மட்டும் அசைத்த பாட்டை முழுவதும் பாடினாள். எல்லா அடிகளும் தெரிந்துதான் இருந்தன. சிரிப்புக்கு எரிகிறதா, ஏப்பத்துக்கு எரிகிறதா என்று பார்த்தாள். அம்மா அவளைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்காமல் அந்தக் குட்டி வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்துக்குப் பதிலாக அவளுக்குப் பயமாக இருந்தது. இது இவ்வளவு நாளும் உள்ளேயே இருந்திருக்கிறது. யார் இதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது?

சாயங்காலம் வரைக்கும் விளையாட்டும் ஓடியது, வாய்ஸ் சாட்டும் ஓடியது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை.

அது அவளுக்கு உறுத்தியது. இரண்டும் சேர்ந்து ஓடினால் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் குற்றவாளி வாய்ஸ் சாட் இல்லை. அப்படியானால் சனி, ஞாயிறில் மட்டும் வேறு என்ன நடக்கிறது? கடையில் வாடிக்கையாளரிடம் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: நிற்பதற்கு முன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கை தானாகச் செய்வதை யாரும் செய்ததாக நினைப்பதில்லை.

நான் என்ன செய்கிறேன், என்று கேட்டுக்கொண்டாள்.

கீழே தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வந்தபடி கீச் கீச்சென்று கத்தியது. பழக்கத்தில் அவள் கை ஜன்னலுக்குப் போனது. கண்ணாடிக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

ஜன்னலைச் சாத்துகிறேன். வண்டிச் சத்தம் உள்ளே வராமலிருக்க. தடித்த திரைச்சீலையை இழுத்துவிடுகிறேன். அது மேசைக்குப் பின்னால், பலகை கழற்றிய அலமாரியின் முதுகை ஒட்டித் தொங்குகிறது. கூடத்து மின்விசிறியை அணைக்கிறேன். அலமாரியின் முன்கதவைச் சாத்தி, மிச்சச் சத்தமும் வராமலிருக்க மேலே தடித்த ரஜாய்ப் போர்வையைப் போர்த்துகிறேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவனுக்கு இதெல்லாம் நடப்பதே தெரியாது. எனக்கும்தான் தெரியவில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு வாரத்தில் வந்து சேர்ந்தது. சேர்ந்தபோது எதுவும் கெட்டுப்போகவில்லை. அதனால் எதையும் கணக்கில் வைக்கவில்லை.

அவள் எல்லாவற்றையும் அன்று ஒவ்வொன்றாகச் செய்தாள். ஜன்னல். திரைச்சீலை. மின்விசிறி. கதவு. ரஜாய். சூட்டைக் காட்டும் எண்ணைத் திரையின் மூலையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரஜாய் விழுந்ததும் எண் நிதானமாக ஏறத் தொடங்கியது. கூடத்தில் காற்றே இல்லை. தவளை வந்து பார்த்தாள். சாத்திய ஜன்னலைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, முன்பாதத்தால் நடந்து உள்ளறைக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் திரை உறைந்தது. பிறகு இருட்டு.

ரஜாயை எடுத்து அலமாரியைத் திறந்தபோது அடுப்பைத் திறந்தது போல் முகத்தில் அடித்தது. அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பது போல. நீ சரியாகத்தான் இருக்கிறாய், என்று நினைத்துக்கொண்டாள். உனக்கு ஒரு வியாதியும் இல்லை.

பொய் சொல்ல அவளுக்குத் தெரியும். போர்டு போய்விட்டது, இனி இது தேறாது என்று முகத்தை வைத்துக்கொண்டு சொன்னால் அவன் நம்புவான். அந்த வார்த்தைகளை இரண்டு நாள் வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். ஆனால் கண்டுபிடித்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது, தும்மலை அடக்குவதை விடக் கஷ்டமாக இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு ஆசையும் இருந்தது. காரணம் தெரிந்துவிட்டால் அவனே எழுந்து ஜன்னலைத் திறந்துவிடுவான். திறந்த ஜன்னல், ஓடும் மின்விசிறி, கொஞ்சம் வண்டிச் சத்தம், கொஞ்சம் தவளைச் சத்தம். மற்ற மூன்று பேர் கேட்டால் என்ன? அவர்களுக்கும் வீடு இருக்கும்தானே.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னாள். டீச்சர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். அவன் கேட்டான். டீச்சர் பகுதிக்கு, "சில குழந்தைங்க அப்படித்தான், வளர வளர சரியாயிடும்," என்றான். பெட்டிப் பகுதிக்குக் கையில் சோற்றோடு எழுந்தே விட்டான்.

"சூடா? வெறும் சூடா? நான் ஹெட்போன் வாங்கினேனே." வாய்விட்டுச் சிரித்தான். "டாக்டரம்மா, நீ மட்டும் இல்லன்னா..." அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கண்கள் வீட்டை அளந்துகொண்டிருந்தன.

சனிக்கிழமை அவன் நீளமான கேபிள்களை வாங்கிக்கொண்டு வந்தான். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுச் சுவரில் முன்பு குடியிருந்தவர்கள் டிவி வயருக்குப் போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அது உள்ளறையில் தவளையின் கட்டில் தலைமாட்டுக்கு மேலே திறந்தது. திட்டத்தை அவன் உற்சாகமாக விளக்கினான். திரையும் கீபோர்டும் மைக்கும் கூடத்தில். பெட்டி மட்டும் உள்ளறையில். அலமாரியும் வேண்டாம், ரஜாயும் வேண்டாம். பெட்டி எவ்வளவு வேண்டுமானாலும் இரையட்டும், கதவைச் சாத்திவிட்டால் கேப்டனுக்குக் கேட்காது. அந்த இரைச்சலில் நீங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் பேசினால்கூடப் பரவாயில்லை. சூட்டு எண் உன் போனில் தெரிகிற மாதிரி செய்துவிடலாம். ஏறினால் ஓர் அட்டையால் விசிறிவிடு, அவ்வளவுதான்.

எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு மூச்சை அடைத்தது. அவன் வரைந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் இடமிருந்தது; சத்தத்துக்கும் சூட்டுக்கும் அவளுக்கும் குழந்தைக்கும் ஒரே இடம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்பான். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தைச் சரிசெய்வான். அவன் எதையும் சரிசெய்துவிடுவான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தான். எப்போதும் அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போட்டி நாளான ஞாயிறு மதியம் பெட்டியைத் தூக்க அவன் குனிந்தபோது அவள் உள்ளறை வாசலில் நின்றாள்.

"இங்க வேண்டாங்க."

"என்ன வேண்டாம்?"

"பெட்டி. இந்த ரூம்ல வேண்டாம். அவ தூங்கற இடம்."

"மத்த நேரத்துல எடுத்துடலாமே."

"வேண்டாம்."

அவன் அவளைப் பார்த்தான். கோபமில்லை, குழப்பம்தான். சரியான டாக்டர் தப்பான மருந்தைச் சொன்னது போல. கடிகாரத்தைப் பார்த்தான். நேரமில்லை. பெட்டியை மறுபடியும் மேசைக்கடியில் வைத்து வயர்களைச் செருகிக்கொண்டே, "சரி, அப்ப பழையபடியே. ரஜாய் மட்டும் வேண்டாம். ஜன்னலைச் சாத்திடு, உள்ள போய் உக்காந்துக்கங்க. இன்னிக்கு ஒரு நாள்," என்றான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டான். அவன் திரும்பும்போது எல்லாம் தானாக நடந்துவிடும். அதுதான் அந்த வீட்டின் வழக்கம்.

அவள் ஜன்னலைச் சாத்தவில்லை. அலமாரிக் கதவையும் சாத்தவில்லை. சுவரோரம் போய் மின்விசிறி சுவிட்சைப் போட்டாள். அதுவும் டொக் டொக்கென்று சுழலத் தொடங்கியது. உள்ளேயிருந்து தவளையைக் கூட்டிவந்து, கூடத்துத் தரையில், மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தாள். கிரேயான் டப்பாவைத் திறந்து தரையில் வைத்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள். தவளை ஒரு கிரேயானை எடுத்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் திரையைப் பார்த்தாள். ஓரத்தில் நான்கு வட்டங்கள் இருந்தன. ஒன்றில் புலி.

"அம்மா," என்றாள், காதில் அல்ல. "இதுல நாலு பேரு இருக்காங்க."

புலியைச் சுற்றிப் பச்சை எரிந்தது.

அவன் முதுகு விறைத்தது. ஹெட்போனுக்குள் யாரோ ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஒண்ணுமில்ல கேப்டன், ஒரு நிமிஷம்," என்றான் புலியின் குரலில். பிறகு மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு திரும்பினான். முகம் வேர்த்திருந்தது. அவன் கெஞ்சினான்; குரலே இல்லாமல், வெறும் மூச்சுக் காற்றால், மகள் பேசுவது போலவே.

"அவளை உள்ள கூட்டிட்டுப் போயேன். ப்ளீஸ்."

அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கத் தயாராக முழங்கால் தானாக மடிந்தது. அவள் அதன் மேல் கையை வைத்து மறுபடியும் நீட்டிக்கொண்டாள்.

"இல்லங்க," என்றாள். கத்தவில்லை, கிசுகிசுக்கவும் இல்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசும் சாதாரணக் குரலில் சொன்னாள். "நாங்க இங்கதான் இருக்கப் போறோம். நீங்க விளையாடுங்க."